கெட்டது யார், கெடுத்தது யார்?

பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பு ஒன்றில் தாமஸ் ஹார்டியின் 'தி ரூயின்ட் மெய்ட்' கவிதையை நடத்திக்கொண்டிருந்தேன். தலைப்பைத் தமிழில் சொல்லச் சொன்னதும் பல குரல்கள் ஒன்றாக வந்தன: "கெட்டுப்போன பொண்ணு." கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "பால் கெட்டுப்போகும், பழம் கெட்டுப்போகும். பொண்ணு எப்படி மேம் தானா கெட்டுப்போவா?"

வகுப்பு சிரித்தது. ஆனால் அவள் கேட்டது சரியான இலக்கணக் கேள்வி. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் எல்லோரும் படித்திருக்கிறோம். கெட்டாள் என்றால் தன்வினை; கெடுத்தான் என்றால் பிறவினை. அழிந்தாள், அழித்தான். வீழ்ந்தாள், வீழ்த்தினான். வினைச்சொல் கொஞ்சம் மாறினால் போதும், செய்தவன் வாக்கியத்துக்குள் வந்துவிடுவான்; இல்லையென்றால் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவான். ஆங்கிலத்தின் 'ரூயின்ட்' என்ற சொல்லில் இந்த வேறுபாடு வெளியே தெரிவதில்லை. கெடுக்கப்பட்டவள் என்றும் படிக்கலாம், கெட்டுப்போனவள் என்றும் படிக்கலாம். தமிழில் நம்மிடம் இரண்டு சொற்கள் இருக்கின்றன. இருந்தும் ஒரு வகுப்பறையே யோசிக்காமல் தன்வினையைத் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அந்த மாணவியின் கேள்விக்கு அன்று நான் முழுதாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஒரு பெண் 'கெட்டுப்போவது' இயற்கையில் நடப்பதில்லை. அதை யாரோ செய்கிறார்கள்: ஒரு தகப்பன், ஒரு எஜமானன், ஒரு சட்டம், ஒரு ஊர். செய்தவர்களின் பெயரை அழித்துவிட்டு, விளைவை மட்டும் பெண்ணின் உடம்பில் ஒட்டுவதற்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்தது ரூயின்.

இடிந்த சுவரிலிருந்து பெண்ணுக்கு

ரூயின் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலச்சொல்லுக்குத் தலைகுப்புற விழுதல், இடிந்து சரிதல் என்று பொருள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கட்டடத்தின் கதை. சுவர் சரிந்தால் ரூயின், கோபுரம் விழுந்தால் ரூயின். பிறகு நாடுகளுக்கும் குடும்பங்களுக்கும் அந்தச் சொல் பரவியது. 17ஆம் நூற்றாண்டில் இரண்டு புதிய பொருள்கள் அதில் நிலைபெறுகின்றன. ஆண் 'ரூயின்' ஆனால் அவன் பணத்தை இழந்தான், கடனில் மூழ்கினான் என்று பொருள். பெண் 'ரூயின்' ஆனால் திருமணத்துக்கு வெளியே ஒருவன் அவளைத் தொட்டான் என்று பொருள்.

ஒரே சொல். ஆணுக்கு அது கல்லாப்பெட்டியில் நடக்கிறது, பெண்ணுக்கு உடம்பில் நடக்கிறது. இந்தப் பிரிவினையை மொழியின் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது. ஆணுக்குச் சொத்து இருந்தது. பெண்ணோ வேறொருவரின் சொத்துக் கணக்கில் ஓர் இனமாக இருந்தாள். அவள் 'சேதமானால்' மதிப்புக் குறையும். சேதம் எப்படி நடந்தது என்பது அந்தக் கணக்குக்குத் தேவைப்படாத விவரம்.

அதனால்தான் அந்தச் சொல் ஒரு கேள்வியை மட்டும் கேட்டதே இல்லை: அவள் சம்மதித்தாளா? சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'கிளாரிஸா' நாவல் 1747-48இல் வெளிவந்தது. அதில் நாயகிக்கு மயக்கமருந்து கொடுத்து லவ்லேஸ் என்பவன் வன்புணர்கிறான். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 1813இல் வந்தது. அதில் பதினாறே வயதான லிடியா தன் விருப்பத்தோடு விக்கமுடன் ஓடிப்போகிறாள். ஒருத்தி மயக்கத்தில் கிடந்தாள். இன்னொருத்தி சிரித்துக்கொண்டே வண்டி ஏறினாள். அந்தச் சமூகத்தின் பார்வையில் இருவருக்கும் பெயர் ஒன்றுதான்: ரூயின் ஆனவள். வன்முறையையும் காதலையும் ஏமாற்றையும் ஒரே குப்பைக்கூடையில் போடும் சொல் இது.

லிடியாவின் 'அழிவு' எப்படிச் சரிசெய்யப்படுகிறது என்பதையும் பாருங்கள். டார்சி என்ற பணக்காரன் விக்கமின் கடன்களை அடைத்து, பட்டாளத்தில் அவனுக்கு ஒரு பதவியும் வாங்கிக்கொடுத்து, லிடியாவுக்குத் தாலி கட்ட வைக்கிறான் என்று நம் பாஷையில் சொல்லலாம். பணம் கைமாறியதும் அழிவு மறைந்துவிட்டது. பணத்தால் தீர்க்கக்கூடிய அழிவு உடம்பில் நடந்ததாக எப்படி இருக்க முடியும்? ஆஸ்டின் இதை உரக்கச் சொல்லவில்லை, கணக்கை மட்டும் நம் முன் வைத்தார். கிளாரிஸாவோ கெடுத்தவனையே மணந்து 'சரியாகிவிட' மறுத்துவிட்டாள். அந்த மறுப்புக்கு நாவல் கொடுத்த விலை அவளுடைய சாவு.

கிளாரிஸா வெளிவந்த அதே 1747-48இல் இங்கிலாந்தின் ஹேக்லி பூங்காவில் ஒரு கோட்டை கட்டினார்கள். பழைய கோட்டையின் இடிபாடு போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே, உடைந்த சுவர்களோடு புதிதாகக் கட்டிய கோட்டை. கனவான்களுக்கு இடிபாடு அப்போது அழகுப் பொருளாகிவிட்டது. தோட்டத்துக் கல் ரூயின் ஆனால் விருந்தினரை அழைத்துப்போய்க் காட்டினார்கள். வீட்டுப் பெண் ரூயின் ஆனால் கதவைச் சாத்தினார்கள்.

இழப்பு யாருடையது?

ரூயினோடு சேர்த்துப் பார்க்கவேண்டிய இன்னொரு சொல் 'லாஸ்'. இன்று அதற்கு இழப்பு, நட்டம் என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அதன் மூதாதைச் சொல்லுக்கு அழிவு என்றே பொருள் இருந்தது. அழிவைக் குறித்த சொல் காலப்போக்கில் 'கையில் இருந்தது இப்போது இல்லை' என்ற உடைமைப் பொருளுக்கு வந்துசேர்ந்தது. உடைமை என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வி, யாருடைய உடைமை?

ஆங்கிலேயப் பொதுச் சட்டம் இதற்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னது. ஒரு பெண்ணை ஒருவன் ஆசைகாட்டிக் கெடுத்துவிட்டால் வழக்குத் தொடரும் உரிமை அவளுக்கு இல்லை, அவள் தகப்பனுக்கு. தகப்பன் எந்த இழப்புக்காக வழக்குப் போடலாம்? மகளின் துயரத்துக்காக அல்ல. அவள் கருவுற்றதால் வீட்டில் செய்துவந்த வேலை தனக்குக் கிடைக்காமல் போனது என்பதற்காக. வழக்கின் அடிப்படையே 'பணிவிடை இழப்பு'தான். தேநீர் போட்டுக் கொடுப்பது போன்ற சின்ன வேலையைக்கூட நீதிமன்றங்கள் பணிவிடையாக ஏற்றுக்கொண்டன. அழிந்தவள் மகள், இழந்தவர் அப்பா, நட்டஈடும் அப்பாவுக்கு.

ஏழைப் பெண்களின் நிலை இதைவிட மோசம். மகள் வேறொருவர் வீட்டில் தங்கி வேலை செய்தால் அவள் உழைப்பு எஜமானனுக்குச் சொந்தம். தகப்பனுக்கு இழப்பு இல்லை, ஆகவே வழக்கும் இல்லை. அவளைக் கெடுத்தவனே அந்த எஜமானன் என்றால்? தன் வேலைக்காரியின் பணிவிடையை இழந்ததற்காக அவன் தன்மேலேயே வழக்குப் போட்டுக்கொள்ளப் போகிறானா? 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உழைக்கும் பெண்களில் பெரும் பகுதியினர் வீட்டுவேலைக்காரிகள். யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவைப்பட்டதோ அவர்களைத்தான் சட்டம் கைவிட்டது. மகளுக்காகத் தகப்பன் போடும் இந்த வழக்குமுறையை இங்கிலாந்து ஒழித்தது 1970இல். நிலாவில் மனிதன் கால் வைத்த பிறகு.

இப்போது ஆணின் ரூயினைப் பாருங்கள். கடனாளிகளைச் சிறையில் அடைத்த காலம் அது. சார்லஸ் டிக்கன்ஸின் தகப்பனே 1824இல் அப்படிச் சிறை போனார். ஏழை ஆண்கள் அதில் நசுங்கினார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஆணின் அழிவுக்குச் சட்டம் ஒரு கதவு வைத்திருந்தது. திவாலான வணிகன் சொத்தை மறைக்காமல் ஒப்படைத்தால் மீதிக் கடனிலிருந்து விடுவிக்கலாம் என்று 1705ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. விடுதலைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அவன் மறுபடி கடை திறக்கலாம். எழுத்தாளர் வால்டர் ஸ்காட் 1826இல் திவாலின் விளிம்புக்கு வந்தார். கடன் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல். அவர் தன் மாளிகையிலேயே தொடர்ந்து வாழ்ந்தார், எழுதி எழுதிக் கடனை அடைத்துவந்தார், நேர்மையின் உருவம் என்று இன்றுவரை கொண்டாடப்படுகிறார். ஆண் அழிவிலிருந்து எழுந்தால் அது வீரகதை. பெண்ணுக்கு அப்படி ஒரு சான்றிதழை எந்த நீதிமன்றமும் அச்சடிக்கவில்லை.

கைகளை எண்ணிப் பார்ப்போம்

இங்கே சிலர் கேட்பார்கள்: அந்தப் பெண்கள் உண்மையிலேயே எல்லாவற்றையும் இழந்தார்களே, அப்படியென்றால் அவர்களை அழிந்தவர்கள் என்பது உண்மைதானே? இழந்தார்கள், உண்மை. வேலையை, வீட்டை, பெற்ற பிள்ளையை இழந்தார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் ஒரு கை பிடுங்கியது. அந்தக் கைகளை ஒவ்வொன்றாக எண்ணுவோம்.

வயிறு தெரிந்ததும் வேலைக்காரியை வெளியே அனுப்பியது எஜமானி. நற்சான்றுக் கடிதம் கொடுக்க மறுத்ததும் அவளே. அது இல்லாமல் அடுத்த வீட்டில் வேலை கிடைக்காது. 1834ஆம் ஆண்டின் புதிய ஏழையர் சட்டம் மணமாகாத தாயின் குழந்தையை வளர்க்கும் பொறுப்பைத் தாயின் தலையில் வைத்தது. தகப்பனிடம் பணம் வசூலிக்கும் வழியை மிகக் கடினமாக்கியது. இதை எழுதியது நாடாளுமன்றம். தாயே நீதிபதியிடம் போய்த் தகப்பன்மேல் செலவுப் பணம் கேட்கலாம் என்று மாற்றுவதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

மணமான பெண்ணின் கதையும் அதேதான். கணவனோடு போராடிய கரோலின் நார்ட்டனின் முயற்சியால் 1839இல் ஒரு சட்டம் வந்தது. பிரிந்து வாழும் தாய் ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றது. ஒரு விலக்கும் வைத்தது: பிறழ் உறவு நிரூபிக்கப்பட்டவளுக்கு அந்த உரிமை இல்லை. 1857இன் மணவிலக்குச் சட்டப்படி மனைவி பிறழ்ந்தால் அது ஒன்றே கணவனுக்குப் போதும். கணவன் பிறழ்ந்தால் மனைவிக்கு அது போதாது. கொடுமையையோ கைவிட்டுப்போனதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை இங்கிலாந்தில் 1923 வரை நீடித்தது.

அந்தச் சட்டம் வந்த மறு ஆண்டு, 1858இல், அகஸ்டஸ் எக் என்ற ஓவியர் மூன்று படங்களைக் காட்சிக்கு வைத்தார். முதல் படத்தில் மனைவி தரையில் விழுந்து கிடக்கிறாள். கணவன் கையில் ஒரு கடிதம். மூலையில் குழந்தைகள் கட்டிய சீட்டுக்கட்டு வீடு சரிகிறது. கடைசிப் படத்தில் அவள் தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு வளைவுக்கடியில் கைக்குழந்தையோடு ஒதுங்கியிருக்கிறாள். வீடு சரிந்ததற்கும் பெண் விழுந்ததற்கும் ஒரே சொல் என்ற பழைய அர்த்தத்தை அந்த ஓவியம் அப்படியே வரைந்துவிட்டது. அவளை ஆற்றங்கரைக்குத் துரத்திய சட்டம் மட்டும் படத்தில் இல்லை.

விழுந்தவர்களைத் தூக்கிவிட அறநிலையங்கள் இருந்தனவே என்பார்கள். இருந்தன. லண்டனில் மக்தலேன் இல்லம் 1758இல் திறந்தது. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான புகழ்பெற்ற லண்டன் காப்பகம் 19ஆம் நூற்றாண்டில் தாயை ஒரு குழுவின் முன் நிறுத்தி, இதற்குமுன் அவள் நல்ல நடத்தை உடையவளாக இருந்தாளா என்று விசாரித்த பிறகே பிள்ளையை வாங்கிக்கொண்டது. அயர்லாந்தின் மக்தலேன் சலவையகங்களில் பெண்கள் கூலியில்லாமல் துணி துவைத்தார்கள். மணமாகாத தாய்மார்கள், அனாதைகள், குடும்பம் வேண்டாமென்று தள்ளிய சிறுமிகள் என எல்லோரும் அங்கே இருந்தார்கள். 1993இல் டப்ளினில் ஒரு சலவையகத்தின் நிலத்தை விற்றபோது அங்கே புதைக்கப்பட்டிருந்த 155 பெண்களின் எச்சங்களைத் தோண்டி எடுத்தார்கள். கடைசிச் சலவையகம் மூடப்பட்டது 1996இல். அயர்லாந்தின் பிரதமர் 2013இல் மன்னிப்புக் கேட்டார். 'அழிந்தவள்' என்று ஒருமுறை எழுதிவிட்டால் அதன்பின் அவளிடம் எதை வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். அவள் உழைப்பை, பிள்ளையை, ஆயுளை, கல்லறையில் போட வேண்டிய பெயரைக்கூட.

இந்தப் பித்தலாட்டத்தை அப்போதே பார்த்தவர்கள் உண்டு. 1792இல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், நன்மை தீமை தெரியும் முன்பே பெண்பிள்ளைகளுக்கு இந்த முத்திரை குத்தப்படுவதைச் சுட்டிக்காட்டினார். காப்பகங்கள் இதற்கு மருந்தாகா, வேண்டியது தருமம் அல்ல நீதி என்று வாதிட்டார். எலிசபெத் கேஸ்கெல் 1853இல் மணமாகாத தாயொருத்தியை நல்லவளாகக் காட்டி 'ரூத்' நாவலை எழுதியபோது, சிலர் அதை எரித்தார்கள். ஹார்டி 1866இல் எழுதி 1901இல் நூலில் சேர்த்த, எங்கள் வகுப்பில் சிரிப்பைக் கிளப்பிய அந்தக் கவிதையும் இந்த வரிசைதான். வயலில் கிழங்கு தோண்டிக் கந்தல் உடுத்தியிருந்த ஒருத்தி நகரத்தில் நல்ல உடுப்போடும் நகையோடும் நிற்கிறாள். பழைய தோழி வாய்பிளந்து கேட்கக் கேட்க, இதெல்லாம் நான் 'அழிந்ததால்' வந்தது என்கிறாள். ஒழுக்கமாக இருந்தபோது பட்டினி, அழிந்த பிறகு கையுறை. அப்படியென்றால் உண்மையான அழிவு எங்கே இருந்தது? வயலில் கொடுத்த கூலியில் இருந்தது.

கப்பலில் வந்த சொல்

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை என்று நாம் ஒதுங்க முடியாது. இந்தச் சொல்லின் கணக்கு சட்டப்புத்தகமாகி நம்மிடம் வந்தது. மனைவியோடு உறவு கொண்டவன்மேல் கணவன் நட்டஈட்டு வழக்குப் போடும் பழைய முறையை இங்கிலாந்து 1857இல் கைவிட்டது. மூன்றே ஆண்டுகளில், 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம், கணவனின் சம்மதம் இல்லாமல் அவன் மனைவியோடு உறவு கொள்வதைக் குற்றமாக்கியது. பாதிக்கப்பட்டவர் கணவர். அந்த 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல்தான் நீக்கியது. 1869இன் இந்திய விவாகரத்துச் சட்டம் 1857இன் ஓரவஞ்சனையை இங்குள்ள கிறிஸ்தவப் பெண்களுக்கு அப்படியே பெயர்த்துக் கொடுத்தது. இங்கிலாந்து 1923இல் திருந்திய பிறகும் நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் இருந்த பெண்கள் 2001 வரை அந்தச் சட்டத்தின்கீழ் வாழ்ந்தார்கள்.

மொழியில் நாம் செய்ததற்கு வெள்ளைக்காரர்மேல் பழிபோட முடியாது. வன்புணர்வுக்குக் 'கற்பழிப்பு' என்று பெயர் வைத்தோம். பாலியல் அத்துமீறலுக்கு 'மானபங்கம்' என்றோம். இரண்டு சொல்லிலும் ஒரு பொருள் சேதமாகிறது: கற்பு அழிகிறது, மானம் பங்கப்படுகிறது. பெண் அங்கே இல்லை, பாத்திரம்தான் இருக்கிறது. கற்பு என்ற சொல் ஏன் பெண்ணுக்கு மட்டும் என்று பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலின் முதல் கட்டுரையிலேயே கேட்டுவிட்டார். பெண்ணிய இயக்கங்கள் பல ஆண்டுகள் போராடி வல்லுறவு, வன்புணர்வு என்ற சொற்களைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தன. இருந்தும் தேநீர்க்கடைப் பேச்சில் பழைய சொல்தான் உட்கார்ந்திருக்கிறது.

சொல்லைப் பிடித்துத் தொங்குவதால் என்ன பயன், சட்டத்தை மாற்றுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. சட்டத்தை எழுதுவதும் சொல்தான், தீர்ப்பை எழுதுவதும் சொல்தான். 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வல்லுறவு வழக்கில் குற்றவாளிக்குப் பிணை கொடுத்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேச உத்தரவு வந்தது. கண்டனம் எழுந்தது, இத்தகைய வழக்கில் சமரசத்துக்கு இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் வேறொரு தீர்ப்பில் சொன்னது, அதன்பின் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கெடுத்தவனோடு சேர்த்துவைத்தால் கெட்டது சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 'அவள் அழிந்துவிட்டாள்' என்ற வாக்கியத்திலிருந்துதான் வருகிறது. 2023இல் உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. 'விழுந்த பெண்', 'கற்புள்ள பெண்' போன்ற ஆங்கிலத் தொடர்களை இனி எழுதாதீர்கள், வெறும் 'பெண்' என்று எழுதுங்கள் என்றது. நீதிமன்றத்துக்கே சொல் முக்கியமாகப் படுகிறது. நாம் மட்டும் ஏன் அதை அற்பம் என்று நினைக்க வேண்டும்?

இப்போது அழிபவர் யார்?

இன்றைய ஆங்கிலத்தில் ரூயினுக்குப் பழைய பயங்கரம் இல்லை. மழை என் செருப்பை ரூயின் பண்ணிவிட்டது, யாரோ படத்தின் முடிவைச் சொல்லி ரூயின் பண்ணிவிட்டார் என்கிறார்கள். பெண்ணைப் பார்த்து நேராக அந்தச் சொல்லைச் சொல்வதும் அருகிவிட்டது. சொல் செத்துவிட்டது என்று நினைத்தேன். சாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. ஒரு பெண் வாய் திறந்து புகார் சொன்னால் உடனே ஒரு வாக்கியம் கேட்கிறதே: "ஒரு ஆணோட வாழ்க்கைய அழிச்சிட்டா."

கவனியுங்கள், இது பிறவினை. மூன்று நூற்றாண்டுகளாக 'அவள் கெட்டாள்' என்று தன்வினையில் மட்டும் பேசிய வாய், ஆணுக்கு ஒன்று என்றதும் இலக்கணம் கற்றுக்கொண்டது. அழித்தது யார் என்று விரல் நீட்டிச் சொல்கிறது. 2016இல் கலிஃபோர்னியாவில், மயங்கிக் கிடந்த பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய பல்கலைக்கழக மாணவனுக்கு நீதிபதி ஆறு மாதச் சிறை கொடுத்தார். நீண்ட சிறை அவனைக் கடுமையாகப் பாதிக்கும் என்று கவலைப்பட்டார். பாதி நாளிலேயே அவன் வெளியே வந்தான். 2018இல் வாக்காளர்கள் அந்த நீதிபதியைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் கவலைப்பட்டது யாருடைய அழிவுக்காக என்பதை அவர்கள் சரியாகப் படித்தார்கள்.

கடைசியாக எங்கள் தெருவுக்கு வருகிறேன். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பிளஸ் ஒன் படித்த ஓர் அக்கா திடீரென்று பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். "அந்தப் புள்ள கெட்டுப்போச்சு" என்று தெரு சொன்னது. அம்மா சொன்னார், பாட்டி சொன்னார், நானும் வகுப்பில் போய்ச் சொன்னேன். இன்று அதே செய்தியைப் பிறவினையில் எழுதிப் பார்க்கிறேன். தெருமுனைக் கடைக்காரர் அவரைக் கெடுத்தார். அப்பா அவரை அடித்தார். பள்ளி கூப்பிட்டு டி.சி. கொடுத்தது. உறவினர்கள் தூரத்து ஊரில் இருமடங்கு வயதானவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நான் அவர் பெயரைச் சொல்லிச் சிரித்தேன். அந்தக் கடைக்காரர் அதற்குப் பிறகும் ஊர்த் திருவிழாவில் வரி வசூலித்துக்கொண்டிருந்தார். இத்தனை பேர் சேர்ந்து செய்த வேலைக்கு ஊர் வைத்த பெயர், கெட்டுப்போச்சு.

ஆகவே மாணவிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த முறை யாராவது ஒரு பெண்ணைக் கெட்டுப்போனவள், சீரழிந்தவள், வாழ்க்கையைத் தொலைத்தவள் என்று சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வினையை மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள். கெடுத்தது யார்? வேலையிலிருந்து நிறுத்தியது யார்? டி.சி. கொடுத்தது யார்? பிள்ளையை வாங்கிக்கொண்டது யார்? பதில் சொல்லும்போது சிலர் தடுமாறுவார்கள், சிலர் கோபப்படுவார்கள். சில சமயம் பதிலில் நம் பெயரும் வரும். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அந்த வகுப்பில் கவிதையின் தலைப்பை மறுபடி மொழிபெயர்த்தோம். கரும்பலகையில் அந்த மாணவியே வந்து எழுதினாள்: 'கெடுக்கப்பட்டவள்.' கொஞ்சம் யோசித்துவிட்டு அதையும் அழித்தாள். "அவ நல்லாத்தானே மேம் இருக்கா. அப்படிச் சொல்றது ஊருதானே," என்றாள். பிறகு எழுதினாள்: 'கெட்டவள் என்று ஊர் சொன்ன பெண்.' கவிதைத் தலைப்புக்கு அது நீளம்தான். ஆனால் அதில் எழுவாய் இருக்கிறது.